விற்பனைக்கு அப்பாற்பட்ட நிலம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேசும்போது இடையில் சொன்ன சில கிளைச் செய்திகள் அச்சுக்காகக் குறைக்கப்பட்டுள்ளன.)



வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்துப் படித்துப் பாருங்கள். நான்கெல்லை சொல்லி, கிரயத் தொகை சொல்லி முடித்த பிறகு ஒரு வாசகம் வரும். வாங்கியவர் இந்தச் சொத்தைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநிமய விக்கிரயங்களுக்குப் பாத்தியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று அது சொல்லும். பத்திரம் எழுதுபவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் எழுதிவந்த வரி இது. அதற்குள் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வரை நிலத்தை அனுபவிப்பது ஒன்று. தானமாகக் கொடுக்கவோ, பரிமாறிக்கொள்ளவோ, விற்கவோ செய்வது மற்றொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஏதோ ஒரு தலைமுறையில் ஒருவர் இரண்டாவது உரிமையைக் கையாண்டுவிட்டால், அவருக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு முதல் உரிமை இல்லாமல் போகிறது.

உலகில் நில அறக்கட்டளைகள் என்று அழைக்கப்படும் அமைப்புகள் இந்த இரண்டு உரிமைகளையும் பிரித்தெடுத்தன. நிலத்தை வைத்திருக்கலாம், பராமரிக்கலாம், மக்களை உள்ளே விடலாம். விற்க மட்டும் முடியாது. ஒரு காடோ சதுப்போ கடற்கரையோ தலைமுறை கடந்து நிற்க வேண்டுமானால், விற்கும் உரிமையைத் தானாகவே விட்டுக்கொடுத்த ஓர் உரிமையாளர் அதற்கு வேண்டும் என்பது என் கருத்து. அந்த விட்டுக்கொடுத்தல் காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது. நிலத்தில் நடந்து பார்க்கும் ஆளும், செலவுக்குப் பணமும், கேள்வி கேட்கும் ஊரும் அதன் பின்னால் நிற்க வேண்டும். இதை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்தவற்றைக் கொண்டு விளக்கிவிட்டு, நம் சட்டங்களில் இதற்கு என்ன இடம் இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன்.

1. வேலியைப் பிடுங்கியவர்கள்

1866 மார்ச் மாதத்தில் ஓர் இரவு, லண்டனிலிருந்து தனி ரயிலில் நூற்றுக்கும் மேற்பட்ட கூலியாட்கள் பெர்காம்ஸ்டெட் என்ற ஊருக்குப் போய் இறங்கினார்கள். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தை அங்கிருந்த பிரபு குடும்பம் இரும்பு வேலி போட்டு அடைத்திருந்தது. விடிவதற்குள் வேலி முழுவதையும் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டார்கள். அவர்களை அனுப்பியவர் அகஸ்டஸ் ஸ்மித். அந்தப் பொது நிலத்தில் அவருக்கு மேய்ச்சல் பாத்தியதை இருந்தது. வழக்கு நடந்தது, 1870இல் ஸ்மித் வென்றார். அவருக்குப் பின்னால் இருந்தது 1865இல் தொடங்கப்பட்ட பொது நிலப் பாதுகாப்புச் சங்கம்.

அந்தச் சங்கத்துக்கு 1868இல் சட்ட ஆலோசகராக வந்தவர் ராபர்ட் ஹண்டர். அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். லண்டனுக்கு அருகே எப்பிங் காட்டைக் காத்த நீண்ட வழக்குகளில் அவருடைய உழைப்பு பெரிது. அந்த அனுபவத்திலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இதுவரை காப்பாற்ற முடிந்த நிலங்களிலெல்லாம் யாரோ ஒருவருக்கு ஆடு மேய்க்கவோ விறகு பொறுக்கவோ பழைய பாத்தியதை இருந்தது. நீதிமன்றம் காத்தது அந்தப் பாத்தியதையைத்தான். அப்படி யாருக்கும் பாத்தியதை இல்லாத அழகான மலைச்சரிவை உரிமையாளர் நாளைக்கே மனை போட்டு விற்கலாம். காற்று வாங்கவும் நடக்கவும் வரும் பொதுமக்களை ஒரு கட்சிக்காரராக ஆங்கிலச் சட்டம் ஏற்கவில்லை. எனவே வழக்குத் தொடுத்துக்கொண்டே இருப்பதால் பயனில்லை, பொதுமக்கள் சார்பில் நிலத்தின் சொந்தக்காரராகவே ஆகிவிட வேண்டும் என்று 1884இல் பர்மிங்காமில் நடந்த சமூக அறிவியல் மாநாட்டில் அவர் பேசினார். லாபம் பங்கிடாத, நிலத்தை வாங்கி வைத்துக்கொள்வதற்காகவே இயங்கும் ஒரு நிறுவனம் வேண்டும் என்றார்.

அந்தப் பேச்சுக்கு உடனடிக் காரணம் ஒரு தோட்டம். லண்டனின் டெப்ட்ஃபோர்ட் பகுதியில், பதினேழாம் நூற்றாண்டு நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லின் உருவாக்கிய தோட்டத்தின் எஞ்சிய பகுதியை அவர் வழிவந்தவர் ஏழை மக்களுக்குக் கொடுக்க விரும்பினார். ஆக்டேவியா ஹில் அம்மையாரிடம் வழி கேட்டார். ஏழைகளுக்கு வாடகை வீடுகளை நிர்வகித்துப் பேர் பெற்றவர் அவர். லண்டனின் சேரிப் பிள்ளைகளுக்குப் புல்தரையும் வானமும் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். கொடுக்க ஒருவர் தயாராக இருந்தார். என்றென்றைக்குமாக வாங்கி வைத்துக்கொள்ளப் பொருத்தமான ஓர் அமைப்பு இல்லை. ஹில்லுக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 1875 வாக்கில் சுவிஸ் காட்டேஜ் வயல்களைக் காக்க அவர் பணம் திரட்டினார். தேவையான தொகையில் பெரும்பகுதி சேர்ந்தும்விட்டது. உரிமையாளர் மனம் மாறி வீடுகள் கட்டினார். நன்கொடையாளரின் நல்ல மனமும், பொதுமக்களின் பணமும் மட்டும் போதவில்லை. குறை எங்கே என்று ஹண்டர் சரியாகவே கண்டுபிடித்தார்.

2. தன் கையைத் தானே கட்டிக்கொண்ட உரிமையாளர்

இந்த எண்ணம் முதலில் செயலுக்கு வந்தது கடலுக்கு அப்பால். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சார்லஸ் எலியட் என்ற இளம் நிலத்தோற்றக் கலைஞர் முன்வைத்த யோசனையை ஏற்று, மாநிலச் சட்டமன்றம் 1891இல் ஓர் அறங்காவலர் குழுவை அமைத்தது. நூலகம் புத்தகங்களை வைத்திருப்பதைப் போல, பொதுமக்களுக்காக அழகிய நிலங்களை அந்தக் குழு வைத்திருக்கலாம் என்பது எலியட்டின் வாதம். இங்கிலாந்தில் ஹில், ஹண்டர், லேக் மாவட்டத்தைச் சேர்ந்த ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற பாதிரியார் மூவரும் 1895 ஜனவரியில் நேஷனல் டிரஸ்டைப் பதிவுசெய்தார்கள். அதே ஆண்டு ஃபேனி டால்பட் என்ற அம்மையார் வேல்ஸ் கடற்கரையில் பார்மத் ஊருக்கு மேலே, ஏறத்தாழ ஐந்து ஏக்கர் பாறைச் சரிவைக் கொடுத்தார். டிரஸ்டின் முதல் சொத்து அதுதான்.

1902இல் லேக் மாவட்டத்தில் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் 108 ஏக்கர் விலைக்கு வந்தது. 6,500 பவுண்டு வேண்டும். ஐந்து மாதத்தில் சேர்ந்தது. கொடுத்தவர்களில் செல்வந்தர்கள் உண்டு. ஆலைத் தொழிலாளர்களும் உண்டு. ஷெஃபீல்டிலிருந்து ஒரு தொழிலாளி தனக்கு இனி அந்த ஏரிகளைப் பார்க்கக் கொடுத்துவைக்காது, மற்றவர்களாவது பார்க்கட்டும் என்று எழுதிச் சிறு தொகை அனுப்பியிருக்கிறார். தான் காணப்போகாத நிலத்துக்குப் பணம் கொடுக்க ஒருவர் முன்வருகிறார் என்றால், வாங்குகிற அமைப்பு அதை ஒருநாளும் விற்காது என்ற உறுதி அவருக்கு வேண்டாமா?

அந்த உறுதி 1907இல் வந்தது. ஹண்டரின் முயற்சியில் நாடாளுமன்றம் நேஷனல் டிரஸ்ட் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி டிரஸ்ட் தன்னிடமுள்ள எந்த நிலத்தையும் பராதீனம் செய்ய முடியாதது என்று அறிவிக்கலாம். அறிவித்த பிறகு அதை விற்கவோ அடமானம் வைக்கவோ டிரஸ்டுக்கே அதிகாரம் இல்லை. நாளைக்கு ஒரு நிர்வாகக் குழு பணமுடையில் விழுந்தாலும், விவரம் தெரியாதவர்கள் பொறுப்புக்கு வந்தாலும், அந்த நிலத்தைத் தொட முடியாது. அரசுத் துறை கட்டாயமாகக் கையகப்படுத்த வந்தால், டிரஸ்ட் எதிர்க்கும்பட்சத்தில் நாடாளுமன்றத்தின் தனி நடைமுறைக்குப் போக வேண்டும். தனக்கு இருந்த ஓர் அதிகாரத்தைத் தன்னிடமிருந்தே பறித்துக்கொள்ளும்படி ஓர் அமைப்பு நாடாளுமன்றத்தைக் கேட்டு வாங்கியது அபூர்வம். இந்த வரலாற்றில் ஆகப்பெரிய செயல் என்று நான் கருதுவது இதைத்தான். எத்தனை ஆயிரம் ஏக்கர் வாங்கினார்கள் என்பது இதற்கு அடுத்துத்தான் வரும்.

இந்தப் பூட்டையும் அரசு திறந்திருக்கிறது. பிளிமத் அருகே சால்ட்ரம் பூங்கா வழியாகப் புறவழிச்சாலை போடும் திட்டத்தை டிரஸ்ட் 1960களின் இறுதியில் நாடாளுமன்றக் குழுவின் முன் எதிர்த்தது, தோற்றது. சாலை வந்தது. அதைவிட எனக்கு உறுத்தலானது 1980களின் தொடக்கத்தில் பிராடன்ஹாமில் நடந்தது. பராதீனம் செய்ய முடியாத நிலத்துக்கு அடியில் விமானப் படைக்குப் பதுங்கறை கட்டப் பாதுகாப்பு அமைச்சகம் இடம் கேட்டது. எதிர்த்து நின்றால் எப்படியும் எடுத்துக்கொள்வார்கள், குத்தகைக்குக் கொடுத்தால் நிபந்தனையாவது போடலாம் என்று டிரஸ்டின் நிர்வாகம் கருதியது. விற்கத்தான் தடை, குத்தகைக்கு இல்லை. உறுப்பினர்கள் கொதித்தார்கள். 1982இல் சிறப்புக் கூட்டத்தைக் கூட்ட வைத்தார்கள். வாக்கெடுப்பில் நிர்வாகம் வென்றது. நிர்வாகத்தின் கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் உறுப்பினர்கள் அன்று பேசாமல் இருந்திருந்தால், அடுத்த குத்தகை இன்னும் எளிதாகப் போயிருக்கும்.

3. வாங்கிய நிலம் காய்ந்துபோன கதை

கேம்பிரிட்ஜுக்கு வடகிழக்கே விக்கன் ஃபென் என்ற சதுப்பு நிலம். நேஷனல் டிரஸ்ட் 1899இல் அங்கே 2 ஏக்கரை 10 பவுண்டுக்கு வாங்கியது. டிரஸ்டின் முதல் இயற்கைக் காப்பிடம் அதுவே. பிறகு சார்லஸ் ராத்சைல்டு 30 ஏக்கர் கொடுத்தார். வங்கிக் குடும்பத்தில் பிறந்த பூச்சியியலாளர் அவர். நம் நாட்டில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற பிளேக்கைப் பரப்பிய எலித் தெள்ளுப்பூச்சியை 1903இல் அறிவியலுக்கு விவரித்துப் பெயரிட்டவரும் அவர்தான்.

இப்போது அந்தச் சதுப்பின் கரையில் ஏறி நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் கோரையும் நாணலும் தண்ணீரும். மறு பக்கம் உழுத வயல், கறுத்த மண். வயல் தாழ்ந்து கிடக்கிறது. சதுப்பு மேடாக நிற்கிறது. சதுப்பு என்றால் பள்ளத்தில் அல்லவா இருக்க வேண்டும்? சுற்றியுள்ள நிலமும் ஒருகாலத்தில் இதே சதுப்புதான். மக்கிய தாவரங்கள் படிந்த மண் நீரில் ஊறியிருக்கும்வரை அப்படியே கிடக்கும். வடிகால் வெட்டி நீரை இறைத்துவிட்டால் காற்றுப் பட்டுச் சிதைந்து, சுருங்கி, ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். அதே வட்டாரத்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851இல் மண்ணுக்குள் ஓர் இரும்புத் தூண் நட்டார்கள். உச்சி தரைமட்டத்தில் இருந்தது. இன்று அந்தத் தூண் தரைக்கு மேல் ஏறத்தாழ 4 மீட்டர் நிற்கிறது. தூண் உயரவில்லை, நிலம் இறங்கிவிட்டது.

விக்கன் ஃபென்னைச் சுற்றி இப்படி எல்லாம் இறங்கிய பிறகு, நடுவே நின்ற சதுப்பின் நீர் நாலா பக்கமும் கசிந்து ஓடத் தொடங்கியது. எல்லைக்குள் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. பத்திரம் பத்திரமாக இருந்தது. நிலம் மட்டும் காய்ந்தது.

இன்னொன்றும் நடந்தது. அங்கே வளரும் கோரை வகை ஒன்றை ஊர்க்காரர்கள் பல நூற்றாண்டுகளாகக் கூரை வேயவும் அடுப்பு மூட்டவும் அறுத்துவந்தார்கள். இலையின் ஓரம் அரம்போல் கையைக் கிழிக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அறுத்துவந்ததால் புதர் மண்டவில்லை, அடியில் சிறு செடிகளுக்கு வெயில் கிடைத்தது. கூரைக்கு ஓடு வந்தது. கோரைக்கு விலை போயிற்று. அறுக்க ஆள் வரவில்லை. இயற்கையை அதன் போக்கில் விடுவதே காவல் என்று அந்தக் காலத்தில் பலர் நினைத்தார்கள். முள்ளும் புதரும் ஏறி, திறந்த சதுப்பை மூடிவிட்டன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவு உற்பத்திக்காகப் பக்கத்திலிருந்த அட்வென்ச்சரர்ஸ் ஃபென் என்ற பகுதி வடிக்கப்பட்டு உழப்பட்டது. 1950களில் ஸ்வாலோடெயில் என்ற பெரிய மஞ்சள் வண்ணத்துப்பூச்சி விக்கனிலிருந்து மறைந்தது. பின்னர் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை.

அதன் பிறகே டிரஸ்ட் பாடம் கற்றது. கரையைக் கட்டினார்கள், காற்றாலை நிறுவி நீரை மேலே ஏற்றினார்கள், பழைய முறைப்படி கோரை அறுப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1999இல் இன்னும் பெரிதாக எண்ணினார்கள். சுற்றியுள்ள வயல்களைச் சிறிது சிறிதாக வாங்கி, 53 சதுர கிலோமீட்டர் வரை சதுப்பாக விரிப்பது. அதற்கு நூறு ஆண்டு எடுத்துக்கொள்வது. தொடங்குபவர் எவரும் முடிவைக் காண மாட்டார் என்று தெரிந்தே போட்ட திட்டம் இது. விற்க மாட்டாத உரிமையாளர் மட்டுமே இப்படிப்பட்ட திட்டத்தைப் போட முடியும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குக் கேட்கப் போகிறவரால் முடியாது. காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டியவராலும் முடியாது.

பணத்தையும் இங்கேயே பேசிவிட வேண்டும். கரை கட்டவும் கோரை அறுக்கவும் ஆண்டுதோறும் செலவு உண்டு. பிற்காலத்தில் நேஷனல் டிரஸ்ட் ஒரு கணக்கை வகுத்தது. அதை முன்மொழிந்தவர் பெயரால் சோர்லி சூத்திரம் என்பார்கள். ஒரு சொத்தை ஏற்குமுன் அதன் வருங்காலச் செலவு முழுவதையும் மதிப்பிட்டு, அதற்கு ஈடான வைப்பு நிதியும் வந்தால்தான் ஏற்பது. கொடுக்க வந்தவரிடம் பணமும் கேட்பது கடுமையாகத் தோன்றும். இன்று நாம் கூடியிருக்கும் இந்தச் சொற்பொழிவும் அப்படித்தானே நடக்கிறது? நிறுவியவர்கள் ஒரு முதலை வைத்தார்கள். முதலைத் தொடாமல் வட்டியில் ஆண்டுதோறும் ஒருவரை அழைக்கிறோம். நம் ஊர்க் கல்வெட்டுகளிலும் ஏரியைத் தூர்வார முதல் வைத்து, அதன் வட்டியில் வேலை நடத்திய ஏற்பாடுகள் பதிவாகியிருக்கின்றன. நிலத்தைக் கொடுத்துவிட்டுச் செலவுக்கு வழி சொல்லாமல் போவது பாதித் தர்மம்தான்.

4. எதைக் காப்பது

ஆரம்ப ஆண்டுகளில் நேஷனல் டிரஸ்டில் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். யாருக்கு எந்த மலை பிடித்ததோ அது வந்தது. அரிய உயிர்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வாங்கவில்லை. ராத்சைல்டு இதை ஏற்கவில்லை. 1912இல் தனியாக ஒரு சங்கம் அமைத்து, நாடு முழுவதும் இயற்கையாளர்களுக்கு எழுதிக் கேட்டு, காக்கத் தகுந்த 284 இடங்களின் பட்டியலை 1915இல் தயாரித்தார். போர் நடந்துகொண்டிருந்தது, அரசு கண்டுகொள்ளவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து, கடற்கரைக்காக நெப்டியூன் என்ற பெயரில் டிரஸ்ட் இயக்கம் தொடங்கியபோது முதலில் செய்தது கணக்கெடுப்பு. ரீடிங் பல்கலைக்கழகப் புவியியல் மாணவர்கள் கரையோரமாகப் போய் வகைப்படுத்தினார்கள். கெட்டுப்போன கரை இவ்வளவு, காக்க வேண்டிய கரை சுமார் 900 மைல் என்று வந்தது. அதன் பிறகு எந்தத் துண்டு விலைக்கு வந்தாலும் வாங்கலாமா வேண்டாமா என்று உடனே சொல்ல முடிந்தது. கல்லூரி மாணவர்களால் ஆகிற வேலை இது என்பதற்காகவே சொல்கிறேன்.

5. நல்ல வில்லங்கம்

எல்லா நிலத்தையும் விலை கொடுத்து வாங்க எந்த அறக்கட்டளையாலும் முடியாது. வாங்கினால் அங்கே பயிர் செய்பவரும் மாடு மேய்ப்பவரும் எங்கே போவார்கள் என்ற கேள்வியும் உண்டு. அமெரிக்கர்கள் இதற்கு வேறு வழி கண்டார்கள். நிலம் உரிமையாளரிடமே இருக்கும். அதில் வீட்டு மனை போடும் உரிமை, காட்டை அழிக்கும் உரிமை, சுரங்கம் தோண்டும் உரிமை இவற்றை மட்டும் பத்திரம் எழுதி ஒரு நில அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிடுவார். பாதுகாப்பு ஈஸ்மென்ட் என்று பெயர். அது பதிவு அலுவலகத்தில் ஏறுகிறது. அவர் விற்றாலும், பிள்ளைகள் பாகம் பிரித்தாலும், வாங்கியவர் மேலும் பிரித்து விற்றாலும் அந்தக் கட்டு நிலத்தோடேயே போகும். நிலம் வாங்கப் போகும்போது வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். வில்லங்கம் இருந்தால் பயந்து ஒதுங்குகிறோம். எதிர்காலத்துக்கு நன்மையான ஒரு வில்லங்கத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தி வைப்பது இந்த முறை. 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி, அமெரிக்க நில அறக்கட்டளைகள் பல வழிகளிலும் சேர்த்துக் காத்துவரும் பரப்பு 6.1 கோடி ஏக்கர்.

இதில் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு ஒன்று இருக்கிறது. ஈஸ்மென்ட் எழுதும்போதே நிலத்தின் நிலையைப் பதிவு செய்கிறார்கள்: வரைபடம், எல்லைக் குறிகள், குறித்த இடங்களில் நின்று குறித்த திசையில் எடுத்த படங்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை அறக்கட்டளையின் ஆள் வருவார். பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்று, அதே திசையில் பார்ப்பார். ஓடைக்கரையில் புதிதாக ஒரு கொட்டகை முளைத்திருக்கிறதா, எல்லையோரம் மரம் வெட்டியிருக்கிறார்களா, பக்கத்து நிலத்துக்காரர் மண் பாதை போட்டுவிட்டாரா என்று எழுதிக்கொள்வார். உரிமையாளரோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். முதலில் கையெழுத்துப் போட்டவர் மீறுவது குறைவு. அவரிடமிருந்து வாங்கியவருக்குத்தான் அந்தக் கட்டு சுமையாகத் தெரியும். வழக்கு அங்கேதான் முளைக்கும். வழக்குச் செலவில் ஒரு சிறு அமைப்பே முழுகிப்போகலாம் என்பதால், நில அறக்கட்டளைகள் ஒன்றுசேர்ந்து டெராஃபிர்மா என்ற காப்பீட்டு நிறுவனத்தைத் தங்களுக்காகவே நடத்துகின்றன. 2013 முதல் அது இயங்கிவருகிறது.

இந்த முறைக்குள் ஓட்டை போட்டவர்களும் உண்டு. ஈஸ்மென்டை நன்கொடையாகக் கொடுப்பவருக்கு அமெரிக்க அரசு வருமான வரிச் சலுகை தருகிறது. நிலத்தின் மதிப்பு எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்குக் கழிவு. சில தரகர்கள் நிலத்தை மலிவாக வாங்கி, அதில் மாளிகை கட்டியிருந்தால் இவ்வளவு பெறும் என்று மதிப்பீட்டைப் பல மடங்கு ஊதி, பங்கு பங்காக முதலீட்டாளர்களுக்கு விற்று, போட்ட பணத்தைப் போல் சில மடங்கு வரிக் கழிவு வாங்கிக் கொடுத்தார்கள். 2016இல் வரித்துறை எச்சரித்தது. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம், இத்தகைய கூட்டு ஏற்பாடுகளில் முதலீட்டைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் கழிவு கேட்டால் கிடைக்காது என்று சட்டம் போட்டது. காட்டைக் காக்கிறோம் என்ற பெயரில் பொதுப்பணத்தைக் கொள்ளையடித்தவர்கள் இவர்கள். நேர்மையான அறக்கட்டளைகளே இந்தத் தடையை வலியுறுத்தின என்பது ஆறுதல். நம் நாட்டில் இப்படி ஒரு சலுகை வருமானால் மதிப்பீட்டு விதியைச் சலுகைக்கு முன்னால் எழுத வேண்டும்.

6. நிலம் யாருடையதாக இருந்தது

தலைமுறைகளுக்காக என்று சொல்லும்போது பின்னால் வருகிறவர்களையே நினைக்கிறோம். முன்னால் இருந்தவர்களை விரட்டிவிட்ட நிலத்தில் நின்றுகொண்டு அப்படிப் பேசுவது அமெரிக்காவில் நெடுங்காலம் நடந்தது. அங்கே அறக்கட்டளைகள் வாங்கிய நிலங்கள் பலவும் பழங்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டவை.

கலிஃபோர்னியாவில் ரெட்வுட் மரங்களைக் காக்கும் பழைய அமைப்பு ஒன்று, தான் வாங்கியிருந்த 523 ஏக்கர் காட்டைப் பத்துப் பழங்குடி இனங்கள் சேர்ந்து அமைத்த சின்கியோன் மன்றத்துக்குத் திருப்பிக் கொடுத்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. அந்த இடம் மறுபடியும் பழங்குடியினரின் மொழியில் ட்சிஹ்-லே-டுன் என்று பெயர் பெற்றது. சொத்து அவர்களுடையது, காட்டை அழிக்கவோ துண்டு போடவோ கூடாது என்ற ஈஸ்மென்டை மட்டும் அந்த அமைப்பு தன்னிடம் வைத்துக்கொண்டது. சொந்தக்காரர் ஒருவர், காவல் உரிமை இன்னொருவரிடம். ஒருவர் தவறினால் மற்றவர் கேட்கலாம். இதுவரை நான் பார்த்த ஏற்பாடுகளில் இதற்கு இணையான ஒன்றை என்னால் காட்ட முடியவில்லை. காட்டோடு வாழ்ந்தவர்களை வெளியேற்றித்தான் காட்டைக் காக்க முடியும் என்ற எண்ணத்தை நம் வனத்துறைகளும் கைவிட வேண்டும்.

7. நம் சட்டத்தில் என்ன இருக்கிறது

விற்க முடியாத நிலம் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையச் சட்டம் 1959இன் 34ஆம் பிரிவு, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றாலோ அடமானம் வைத்தாலோ அது செல்லாது என்கிறது. அந்த நிலங்களின் நிலை நமக்குத் தெரியும். எத்தனை ஊர்களில் குத்தகை வராமல், எல்லைக்கல் காணாமல், ஆக்கிரமிப்பில் கிடக்கின்றன! விற்பனைத் தடை இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையில் நிற்க ஆள் இல்லை. விக்கன் ஃபென் சொன்னதைத்தான் இந்த நிலங்களும் சொல்கின்றன.

தனியார் நிலத்துக்கு வருவோம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், சொத்தை நிரந்தரமாகக் கட்டிப்போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் 18ஆம் பிரிவு பொதுநன்மைக்கான மாற்றங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே ஓர் அறக்கட்டளை ஒரு காட்டைப் பொதுநலனுக்காக நிரந்தரமாக வைத்திருக்க வழி உண்டு. அமெரிக்க முறை ஈஸ்மென்டுக்கு வழி இல்லை. அதே ஆண்டில் வந்த இந்திய ஈஸ்மென்ட் சட்டத்தின்படி, ஒரு நிலத்தின் பயனுக்காக இன்னொரு நிலத்தின் மீது இருப்பதே ஈஸ்மென்ட்: என் வயலுக்குப் போக உங்கள் வரப்பு. பக்கத்தில் சொந்த நிலம் இல்லாத ஓர் அறக்கட்டளை, உங்கள் காட்டின் மீது காவல் உரிமை வாங்கிவைக்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை.

2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சமூகக் காப்பகம் என்ற வகை சேர்ந்தது. தனியார் அல்லது சமூகத்துக்குச் சொந்தமான நிலத்தை, உரிமையாளர்கள் தாமாக முன்வந்தால் அப்படி அறிவிக்கலாம். அறிவித்த பிறகு நிர்வாகக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. கேரளத்தில் கடலுண்டி–வள்ளிக்குன்னு கழிமுகம் 2007இல் அப்படி அறிவிக்கப்பட்டது. அதே திருத்தம் அரசு நிலங்களுக்குப் பாதுகாப்புக் காப்பகம் என்ற வகையைத் தந்தது. நாட்டிலேயே முதலில் அந்தப் பெயர் பெற்றது நம் திருநெல்வேலிச் சீமையின் திருப்புடைமருதூர். தாமிரபரணிக் கரையில் மருதமரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக ஊர்க்காரர்களே கேட்டு வாங்கியது, 2005ஆம் ஆண்டு, பரப்பு 3 ஹெக்டேருக்கும் குறைவு. மூன்று ஹெக்டேர்தானே என்று நினைக்க வேண்டாம். நேஷனல் டிரஸ்டின் முதல் சொத்து அதைவிடச் சிறியது.

வயநாட்டில் திருநெல்லி–குத்ரகோட்டே யானை வழித்தடத்தில் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை செய்த வேலையையும் குறிப்பிட வேண்டும். வழித்தடத்தின் நடுவே இருந்த நான்கு குடியிருப்புகளின் குடும்பங்களுக்கு, அவர்கள் சம்மதத்தோடு வேறு இடத்தில் நிலமும் வீடும் கொடுத்து, பழைய நிலத்தை வாங்கி, கேரள வனத்துறையிடம் ஒப்படைத்தார்கள். யானைகள் அந்த வழியில் போகின்றன. நம் நாட்டில் தனியார் அறக்கட்டளை நிலம் வாங்கினால் கடைசியில் அரசிடம் கொடுப்பதே இப்போதைக்குப் பத்திரமான வழி. அரசு நிலைத்தது, அதன் முடிவுகள் நிலைத்தவை அல்ல. காப்பு நிலத்தின் எல்லையைச் சுருக்கி ஓர் அரசாணை வந்தால், கேள்வி கேட்கும் பாத்தியதை யாருக்கு இருக்கிறது? ஹண்டர் 1884இல் கேட்ட கேள்வி இது.

நில உச்சவரம்புச் சட்டம் இருக்கும் நாட்டில், நிலமற்றவர்கள் இத்தனை பேர் இருக்கும் நாட்டில், ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒருவர் இயற்கையின் பெயரால் வளைத்துப் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. நமக்கு வேண்டியது சிறு நிலங்களுக்கான சட்டம்: கோயில் காடுகள், ஏரியின் நீர்ப்பிடிப்பு ஓரங்கள், தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய சோலைத் துண்டுகள், யானை கடக்கும் நூறு கெஜ அகலப் பட்டைகள். இவற்றின் உரிமையாளர் ஒரு காவல் கட்டை எழுதிப் பதிவு செய்யலாம், அது வில்லங்கச் சான்றில் தெரிய வேண்டும், அந்த உரிமை கிராம சபையிடமும் ஒரு பதிவு பெற்ற அறக்கட்டளையிடமும் சேர்ந்து இருக்க வேண்டும், பராமரிப்புக்கு ஒரு வைப்பு நிதி இல்லாமல் பதிவு கூடாது என்ற நான்கு விதிகளைக் கொண்ட ஒரு மாநிலச் சட்டம் போதும்.

அதற்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. இங்கே சட்டமும் புவியியலும் படிக்கும் மாணவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் மாவட்டத்துக் கோயில் காடுகளுக்கு ஒரு பட்டியல் கிடையாது என்றால் அதை எழுதத் தொடங்குங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் அ-பதிவேட்டைப் பார்த்து, ஒவ்வொரு காடும் எந்தப் புல எண்ணில் இருக்கிறது, பட்டா யார் பெயரில், புறம்போக்கா, கோயில் சொத்தா, பரப்பு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நேரில் போய் நான்கெல்லையும் நடந்து, பதிவேட்டில் உள்ள பரப்பு தரையில் இருக்கிறதா என்று அளந்து, ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள்.